எச்சமும் குறையும்

சென்ற தவணையில் ஒருநாள் வகுப்பிலே எச்சம் என்னும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். "வந்தான்" என்றால் வாக்கியம் முடிந்தது, அது முற்று. "வந்த" என்று நிறுத்தினால், கேட்பவன் நமது வாயைப் பார்த்தபடி நிற்பான். ஒரு பெயர் வந்து அதனை முடித்துவைக்கவேண்டும். "வந்து" என்று நிறுத்தினாலும் அப்படியே. ஒரு வினை வரவேண்டும். இவை எச்சம். இவ்வளவுஞ் சொல்லி, ஐயம் இருந்தாற் கேட்கலாம் என்றேன். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, முடிக்கிற சொல் பிறகு வருமெண்டு சொல்லிப்போட்டு, வராமலே விட்டால் அந்த எச்சத்துக்கு என்ன பெயர்?"

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. விசாரித்ததில், அவன் மனத்தில் இருந்தது இலக்கணம் அன்று, ஒரு கணினி ஆட்டம் என்று தெரிந்தது. அமெரிக்காவிலே செய்யப்பட்டது, பாகம் பாகமாக வெளிவந்த கதை. இரண்டாம் பாகத்தின் முடிவிலே தந்தை இறந்துகிடக்க, மகள் அவன்மேல் விழுந்து அழுகிறாள். திரை இருள்கிறது. மூன்றாம் பாகம் வரும் என்று சொன்னவர்கள் அதனைத் தரவேயில்லை. உலகமெங்கும் உள்ள ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள் என்றான்.

அன்று அவனுக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. இலக்கணத்திலே முடிக்குஞ் சொல் வந்தே தீரும். வராவிடின் அது வாக்கியமே அன்று. பின்னர்ச் சில சனிக்கிழமைகளில் அவன் பக்கத்திலிருந்து அவ்வகை ஆட்டங்கள் சிலவற்றைப் பார்த்தேன். என் கை அக்கருவியைத் தொடவில்லை. கண்ணுஞ் செவியுமே வேலைசெய்தன. இக்கட்டுரை அவனுக்கு நான் தரவேண்டியிருந்த விடை.

கணினி ஆட்டம் என்றதும் நம்மவர் பலர்க்கு வெடிச்சத்தமும், படிப்பைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளுமே நினைவில் வரும். அந்நினைவு முற்றும் பொய்யன்று. ஆயினும் கதையையே உயிராகக் கொண்ட ஆட்டங்கள் ஒருசாரன உள. நாவலிலே கதைத்தலைவன் செய்வதைப் படிக்கிறோம், நாடகத்திலே பார்க்கிறோம், இங்கே ஆடுவோனே கதைத்தலைவன் ஆகிறான். கதவைத் திறப்பவன் அவன். இருவர் ஆபத்தில் நிற்க ஒருவரைக் காப்பவன் அவன். பொய் சொல்வதா மெய் சொல்வதா என்று துணிபவனும் அவனே. இத்தகைய கதையை முழுதாகச் செய்து விற்பது ஒரு முறை. சில மணிநேரத்தில் ஆடி முடிக்கத்தக்க பாகங்களாக வகுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையை நம் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. "தொடரும்" என்ற ஒரு சொல்லை நம்பி வாரம்வாரம் காத்திருந்து பழகியவர்கள் நாம்.

கல்கி "பொன்னியின் செல்வ"னை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி நிறைவுசெய்தபோது, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்ற மனக்குறை வாசகர்க்கு உண்டாயிற்று. ஆசிரியர் அதனை அலட்சியஞ் செய்தாரல்லர். முடிவுரை ஒன்று எழுதி அதுபற்றி வாசகரோடு பேசினார். அதே ஆண்டில் அவர் மறைந்தபோது "அமரதாரா" இடையில் நின்றது. அவர் மகள் ஆனந்தி, தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புக்களைக்கொண்டு அதனை முடித்துவைத்தார். தொடர்கதைக்காரன் வாசகனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறான். அஃது எந்த ஓலையிலும் எழுதப்படுவதன்று. ஆனால் இருதிறத்தாரும் அதனை அறிவர். "நீ காத்திரு, நான் சொல்லி முடிப்பேன்" என்பதே அவ்வுடன்படிக்கை.

இனி, எச்சம் என்னுஞ் சொல்லை நோக்குவோம். அதற்குப் பொருள் பல. அவற்றுள் மூன்று இங்கே வேண்டற்பாலன.

எஞ்சி நிற்பது என்பது முதலாவது பொருள். தொல்காப்பியர் செய்யுளியலிலே செய்யுளின் உறுப்புக்கள் 34ஐ எண்ணுமிடத்து, எச்சத்தையும் ஓர் உறுப்பாக வைத்தார். இஃது ஆழ்ந்து நோக்கத்தக்கது. சொல்லாது விட்டதும் செய்யுளின் உறுப்பு. அதுவும் கவியின் செய்கை. அவ்வெச்சம் ஒரு சொல்லால் முடிதலும் உண்டு, குறிப்பால் முடிதலும் உண்டு. எவ்வாறாயினும் கேட்போன் உள்ளத்திலே அது முடியத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

குறைபாடு என்பது இரண்டாவது பொருள். உடற்குறை எட்டினைச் சங்கப் புலவர் எச்சம் என்றே வழங்கினர். ஒருவன் தனக்குப்பின் உலகத்தில் விட்டுச்செல்வது என்பது மூன்றாவது பொருள். மக்களும் புகழும் அவ்வாறு எச்சம் எனப்படும்.

முடிவின்றி நிற்குங் கதைகளும் இம்மூன்று வகையில் அடங்கும் என்பது என் துணிபு. ரசிகரின் கோபம் நியாயமானதா அன்றா என்பதனை, எந்த எச்சத்தின்மேல் அவர் கோபங்கொண்டார் என்பதைக்கொண்டே துணிதல் வேண்டும்.

முதலாவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. கலிபோர்னியாவிலே சன் ரபாயெல் என்னும் ஊரில் ரெல்ரேல் என்ற கொம்பனி இருந்தது. அது 2012 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை "த வோக்கிங் டெட்" என்னுங் கதையை ஐந்து பாகமாக வெளியிட்டது. பிணங்கள் எழுந்து நடமாடும் பாழ்பட்ட உலகம். லீ என்பவன் முன்னாளிற் சரித்திரப் பேராசிரியன். கொலைக்குற்றத்துக்காகச் சிறை செல்லும் வழியில் தப்பியவன். பெற்றோரைப் பிரிந்த கிளெமன்ரைன் என்னும் எட்டு வயதுச் சிறுமியை அவன் காக்கிறான். ஐந்தாம் பாகத்தின் முடிவிலே அவன் சாகிறான். எப்படிச் சாகவேண்டும் என்பதைத் துணியும் பாரம் ஆடுவோன் தலைமேல் விழுகிறது. பின்பு சிறுமி தன்னந்தனியே வெளியிலே நிற்கிறாள். தொலைவில் இரண்டு உருவங்கள் தென்படுகின்றன. நண்பரா பகைவரா? அறியோம். கதை அங்கே நின்றுவிட்டது.

ரசிகர்கள் அவ்விரு உருவங்களைப்பற்றி ஓர் ஆண்டு வாதித்தனர். ஆயின் எவரும் ஏமாற்றப்பட்டதாகக் கூறவில்லை. காரணம் வெளிப்படை. அக்கதையின் செய்தி, ஒருவன் ஒரு குழந்தைக்கு வாழக் கற்பித்தான் என்பது. அது முற்றுப்பெற்றுவிட்டது. இனி அக்குழந்தை எதிர்ப்படுவோரைத் தானே அளந்து துணியவேண்டும் என்பதே அவ்விரு உருவங்களின் குறிப்பு. செயல் முற்று, குறிப்பு எச்சம்.

அதே கொம்பனியின் "த வூல்ஃப் அமங் அஸ்" என்பதும் இத்தகையதே. அதன் இறுதிப் பாகம் 2014 ஜூலையில் வந்தது. குழந்தைக் கதைகளில் வரும் மாந்தர் நியூயோர்க் நகரத்தில் மறைந்து வாழ்கின்றனர். அவர்களுக்குள்ளே நிகழ்ந்த கொலைகளை, முன்னாளில் ஓநாயாயிருந்து இப்போது காவலதிகாரியாயிருப்பவன் துப்பறிகிறான். குற்றவாளி அகப்பட்டுத் தண்டனையும் பெற்றுவிடுகிறான். எல்லாம் முடிந்தது என்று ஆறியிருக்கும்போது, ஒருத்தி விடைபெற்றுச் செல்கையில் ஒரு வார்த்தை சொல்கிறாள். இறந்துபோன வேறொருத்தி முதற்பாகத்திலே சொன்ன அதே வார்த்தை! இவள் யார்? அவள்தான் இவளா? இறந்தவள் யார்? காவலன் திகைத்துத் திரும்புகிறான்; கதை முடிகிறது. இவ்வொரு வார்த்தையை வைத்து ரசிகர்கள் செய்துவரும் வாதப்பிரதிவாதங்களைக் கேட்டால், நம் உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்தின்மேல் நின்று பொருதது நினைவுக்கு வரும். பாடங்காட்டுவார் ஒருவர், மறுப்பார் ஒருவர், முன்பின் இயைபு நோக்குவார் மற்றொருவர். இது கோபமன்று, இன்பம்.

ஆகவே, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும்படி அடம்பிடிக்கும் சிறுபிள்ளைக் கூட்டம் என்று இந்த ரசிகரை இகழ்வார் கூற்று அறியாமையாம். நல்ல எச்சத்தை அவர்கள் அறிந்து சுவைத்திருக்கின்றனர்.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். என் மாணவன் கேட்டது இதனையே.

அவன் சொன்ன கதை "ஹாஃப் லைஃப்." அதனைச் செய்தது அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்திலுள்ள வால்வ் கொம்பனி. முதல் ஆட்டம் 1998 இலும் இரண்டாவது 2004 இலும் வெளிவந்தன. வேற்றுலகத்தார் பூமியை அடிமைப்படுத்தியிருக்கின்றனர். கோர்டன் ஃபிரீமன் என்னும் பெளதிக விஞ்ஞானி, வாய்திறந்து ஒரு சொல்லும் பேசாத தலைவன், அவர்களை எதிர்க்கிறான். அலிக்ஸ் என்பவள் அவன் துணை. ஈலை வான்ஸ் அவள் தந்தை. இரண்டாவது ஆட்டத்தின் தொடர்ச்சியை மூன்று சிறு பாகங்களாகத் தருவதாக அறிவித்தனர். முதற்பாகம் 2006 ஜூனிலே வந்தது. இரண்டாம் பாகம் 2007 ஒக்ரோபரிலே வந்தது. மூன்றாம் பாகம் 2007 முடிவதற்குள் வரும் என்பது தொடக்கத்தில் அவர்கள் சொன்ன கணக்கு. இரண்டாம் பாகம் தந்தையின் கொலையோடு முடிந்தது. மூன்றாம் பாகம் வரவில்லை. "வராது" என்ற அறிவிப்பும் வரவில்லை.

இங்கே செயல் முற்றவில்லை. ஒரு கப்பலைத் தேடி வடதுருவப் பனிவெளிக்குச் செல்லவேண்டும் என்று கதைமாந்தர் ஆயத்தமான கணத்திலே கொலை நிகழ்கிறது. பயணம் தொடங்கவில்லை, கொலைக்கு நீதி இல்லை, மகளின் கண்ணீர் உலரவில்லை. "வந்து" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டமை போன்றது இது. இதில் எந்தக் குறிப்பும் இல்லை. கேட்போன் தன் உள்ளத்திலே முடித்துக்கொள்ளத்தக்க தடயமும் இல்லை. ஆதலின் இஃது எச்சம் என்னும் உறுப்பன்று. எச்சம் என்னுங் குறை.

ஒன்று கவனிக்க. நாவல் வாசகனுக்கு நேர்வதைவிட ஆட்டக்காரனுக்கு நேரும் இடர் பெரிது. வாசகன் அலிக்ஸ் அழுததைப் படிப்பான். ஆட்டக்காரனோ பல நாட் பொழுது அவளோடு வழிநடந்து, அவளைக் காத்து, அவளாற் காக்கப்பட்டவன். அவள் தந்தை சாகும்போது தானும் கைகால் கட்டுண்டவனாய் அருகே நின்று பார்த்தவன். "நான் அங்கே இருந்தேன், என்னால் ஒன்றுஞ் செய்ய முடியவில்லை" என்பது அவன் நினைவு. அடுத்த பாகத்திலாவது ஏதாகிலும் செய்யலாம் என்ற நம்பிக்கையோடு அவனை எழுப்பிவிட்டார்கள். அந்நம்பிக்கையே அவர்கள் விற்ற பண்டம்.

அந்த ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 2012 பெப்ரவரி 4 ஆந் திகதி, முன்பே பேசிவைத்துக்கொண்டு, பழைய "ஹாஃப் லைஃப் 2" ஆட்டத்தை ஒரே வேளையில் ஆடினார்கள். பதின்மூவாயிரம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் அதில் இருந்தனர். எதற்காக? ஆட்டத்தை உடனே தா என்று கேட்டார்களல்லர். வருமா வராதா என்று எங்களோடு பேசு என்றே கேட்டார்கள். கடன் கொடுத்தவன் வட்டியையும் முதலையும் விட்டுவிட்டு, ஒரு முகமன் வார்த்தையை மட்டும் கேட்டுநின்ற காட்சி அது. எனக்கு இது மிகவும் உருக்கமாகத் தோன்றுகிறது.

கொம்பனி பேசவில்லை. அக்கதையை எழுதிவந்த மார்க் லெயிட்லோ என்பவர் 2016 இல் அங்கிருந்து நீங்கினார். 2017 ஓகஸ்ட் 25 ஆந் திகதி அவர் ஒரு கடிதத்தை வெளியிட்டார். கதைமாந்தர் பெயர்களை மாற்றி, ஒரு நண்பர்க்கு எழுதுவதுபோல், மூன்றாம் பாகத்தின் கதை எவ்வாறு சென்றிருக்கும் என்று அதிற் சொன்னார். சில பக்கங்கள்தாம். அதனைப் படித்த ரசிகர் பலர்க்கு ஒருபுறம் துயரமும் மறுபுறம் நன்றியும் உண்டாயின. ஒரு சாரார் சினங்கொண்டு, அக்கொம்பனியின் வேறோர் ஆட்டத்துக்குக் கெட்ட மதிப்புரைகளைக் குவித்தனர். அது நேரிதன்று, மாமியார்மேற் கோபத்தை மருமகள் பானைமேற் காட்டியமை போன்றது. மற்றையோர் அக்கடிதத்தையே கதையின் முடிவாக ஏற்று ஆறினர். ஓர் ஆட்டமும் இன்றி, ஒரு படமும் இன்றி, வெறுஞ் சொல் பத்தாண்டுப் பாரத்தை இறக்கிவைத்தது. சொல்லின் ஆற்றலைப் போற்றும் நாம் இதனை மறத்தல் ஆகாது.

2020 மார்ச்சிலே அக்கொம்பனி "ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்" என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அது முற்காலத்து நிகழ்ச்சியைக் கூறுவது. ஆயினும் அதன் இறுதியிலே 2007 இன் முடிவுக்கு மீண்டு வந்தார்கள். தந்தை பிழைத்தான், மகள் கவரப்பட்டாள். ஓர் எச்சத்தை அழித்து அவ்விடத்தில் மற்றோர் எச்சத்தை வைத்தார்கள்! அப்படியிருந்தும் ரசிகர் பெரிதும் மகிழ்ந்தனர். கைவிடப்பட்டதென்று எண்ணிய கதையை அதனைச் செய்தவர்கள் மறக்கவில்லை என்று தெரிந்ததே அம்மகிழ்ச்சிக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

2024 நவம்பரிலே, இரண்டாவது ஆட்டத்தின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி அவர்களே ஒரு விவரணப் படம் வெளியிட்டனர். மூன்றாம் பாகத்தின் வேலை ஓரளவு நடந்ததும், வேலைசெய்தோர் மற்றோர் ஆட்டத்தை முடிக்க உதவச் சென்றதும், திரும்பிப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டதாகத் தோன்றியதும் அதிற் சொல்லப்பட்டன. கொம்பனியின் தலைவர் கேப் நியூவெல் மேலும் ஒரு காரணம் கூறினார். புதுமை எதுவுமின்றிக் கதையை முன்னே நகர்த்துவதற்காக மட்டும் ஒன்றைச் செய்வது, ஆடுவோர்க்குச் செய்யவேண்டிய கடமையைத் தட்டிக்கழிப்பதாகும் என்பது அவர் கருத்து.

இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. புதிது இல்லையேற் பேசற்க என்னுங் கொள்கை கலைஞனுக்கு அழகு. அரைமனத்தோடு செய்த மூன்றாம் பாகம் முன்னை இரண்டினையும் கெடுத்திருக்கலாம். இவ்வளவும் உடன்படுகிறேன். ஆயின் அக்கொள்கையை முதற்பாகத்தை விற்பதன்முன் எண்ணியிருத்தல் வேண்டும். மூன்று பாகம் என்று வாக்களித்து, இரண்டை விற்று, கொலையிலே கதையை நிறுத்தியபின், கடமை என்பது புதுமையன்று, முடிவே கடமை. முடிவு தர இயலவில்லையாயின், "இயலவில்லை" என்ற சொல்லாவது கடமை. லெயிட்லோ எழுதியது போன்ற ஒரு கடிதத்தைக் கொம்பனியே எழுதியிருக்கலாம். பத்தாண்டு காக்கவைத்தது தோல்வியன்று, மெளனம். தோல்வியை மன்னிக்கலாம், மெளனத்தை மன்னித்தல் அரிது.

தோல்வியை ரசிகர் மன்னிப்பர் என்பதற்குச் சான்றும் உண்டு. முன்னே சொன்ன சிறுமி கிளெமன்ரைனின் கதை, பின்வந்த தொடர்களில் அவளோடு வளர்ந்தது. "இறுதிப் பருவம்" என்ற பெயரில் நான்கு பாகங்கள் 2018 ஓகஸ்டில் தொடங்கின. நான்குக்கும் முன்கூட்டியே பணம் பெற்றிருந்தனர். செப்டெம்பர் 21 ஆந் திகதி ரெல்ரேல் கொம்பனி பொருளிழந்து வீழ்ந்தது. ஏறக்குறைய 250 பேர் ஈட்டுப்பணமின்றி வேலைநீக்கப்பட்டனர். 25 பேரே எஞ்சினர். சில நாளில் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதன்பின் வாசல் அடைபட்டது.

அப்போது ரசிகர் நடந்துகொண்ட முறையை நம் மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம். எங்கள் முடிவு எங்கே என்று கேட்டவர் பலர். ஆயின், அத்தொழிலாளர்க்கு உரியதைக் கொடாமல் மிகுதிக் கதையை முடிப்பதாயின் அம்முடிவு எங்களுக்கு வேண்டா என்று சொன்னவர்களும் இருந்தனர். தாம் இழந்தது கதை, அவர்கள் இழந்தது சோறு என்று பகுத்தறிந்தவர்கள் அவர்கள். பின்னர், அக்கதைக்கு மூலமான சித்திரக்கதையை எழுதியவரின் ஸ்கைபவுண்ட் என்னும் நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. பழைய தொழிலாளர் சிலரை அழைத்து எஞ்சிய இரண்டு பாகங்களையும் செய்வித்தது. அக்குழுவினர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் "இன்னும் கடிபடவில்லை" என்பது. நான்காம் பாகம் 2019 மார்ச் 26 இல் வெளிவந்து கதை நிறைவெய்தியது. உயிர்போகும் நிலையில் கிடந்த கிளெமன்ரைன், ஒரு காலை இழந்து உயிர்தப்புகிறாள். கொம்பனியின் கதையும் ஏறத்தாழ அதுவே.

இனி, ரசிகர்க்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முடிவு தரப்படாமைக்கும், தந்த முடிவு நமக்குப் பிடியாமைக்கும் வேற்றுமை உண்டு. 2007, 2010, 2012 ஆம் ஆண்டுகளில் மூன்று ஆட்டங்களாக வந்த "மாஸ் எஃபெக்ற்" என்னும் விண்வெளிக் கதையின் முடிவு, ரசிகரிடையே பெருங்கலகத்தை விளைத்தது. மூன்று ஆட்டங்களிலும் தாம் செய்துவந்த துணிவுகள் யாவும் பயனற்றுப்போயின. முடிவுகள் மூன்றும் நிறத்தில் மட்டுமே வேறுபட்டன என்பது அவர்கள் முறைப்பாடு. ஒரு கூட்டத்தார் நானூறு சிறு கேக்குகளைச் செய்வித்து, கதையைச் செய்த கொம்பனிக்கு அனுப்பினர். சிவப்பு, நீலம், பச்சை என நிறம் மூன்று, சுவை ஒன்றே. இதனினும் நயமான அங்கதத்தை நான் அண்மையிற் கண்டதில்லை. இன்னுமொரு கூட்டத்தார் தம் எதிர்ப்பின் அடையாளமாக, நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் தருமநிதி ஒன்றுக்கு 80,000 டொலருக்கு மேல் திரட்டினர். கொம்பனியும் அவ்வாண்டு ஜூனிலே, முடிவை மாற்றாமல் அதனை விரித்துரைக்கும் ஒரு சேர்க்கையை இலவசமாகத் தந்தது. கல்கியின் முடிவுரை போன்றது அது என்று சொல்லலாம்.

இவ்வளவில் நின்றவர்கள் நல்ல ரசிகர்கள். ஆனால் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக எழுத்தாளரைத் தனிப்பட வைதவர்களும், அச்சுறுத்தியவர்களும் இத்தகைய கலகங்களில் இருந்திருக்கின்றனர். அவர்களுக்காக நான் பேசவரவில்லை. முடிவைக் கேட்பது வாசகன் உரிமை. இன்ன முடிவுதான் வேண்டும் என்பது அவன் ஆசை. உரிமைக்கு ஆசிரியன் கட்டுப்பட்டவன், ஆசைக்குக் கட்டுப்பட்டவனல்லன். இவ்வேற்றுமையை மறந்தால் கதைசொல்லுவோனுக்கு நாம் கூலிகொடுக்கும் எசமானர் ஆகிவிடுவோம். அதன்பின் அவனிடம் கதை இராது.

மூன்றாவது பொருள் ஒன்று எஞ்சியிருக்கிறது. சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1870 ஜூன் 9 இல் மறைந்தபோது, "எட்வின் ட்ரூட்" என்னும் நாவல் பன்னிரண்டு மாத வெளியீடுகளில் ஆறளவில் நின்றது. இளைஞன் ஒருவன் காணாமற்போகிறான்; கொன்றது யார், உண்மையிற் கொலை நடந்ததா என்று சொல்ல ஆசிரியர் இல்லை. மரணத்தோடு வழக்காட முடியாது. ஆயின் வாசகர் சும்மா இருந்தாரில்லை. பலர் பலவாறு அதனை முடித்தெழுதினர். 1914 ஜனவரியிலே இலண்டனில், அக்கதையில் வரும் ஜோன் ஜஸ்பர் என்பவனைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றி ஒரு விளையாட்டு வழக்கு நடத்தினர். நீதிபதி செஸ்ரர்ட்டன், சூரிகளின் தலைவர் பெர்னாட் ஷா. இறுதியில் நீதிபதி, தம்மையொழிய அங்கிருந்த எல்லாரும் நீதிமன்றத்தை அவமதித்தவராவர் என்று தீர்த்தார். அவ்வளவு பெரிய அறிஞர்கள் ஓர் அரைக்கதையோடு அவ்வளவு அன்பாக விளையாடினார்கள்.

இன்றைய ரசிகரும் அதனையே செய்கின்றனர். லெயிட்லோவின் கடிதம் வெளிவந்தபின், அதனை ஆதாரமாகக் கொண்டு மூன்றாம் பாகத்தைத் தாமே செய்வோம் என்று "புரொஜெக்ற் போரியாலிஸ்" என்னும் பெயரில் ஒரு கூட்டம் புறப்பட்டது. கூலி இல்லை; உரிமை இல்லை; கதைமேல் உள்ள பற்றே முதல். தந்தை விட்டுச்சென்ற வீட்டை மக்கள் கட்டி முடிப்பது இல்லையா? குறையாகிய எச்சத்தை, மக்கட்பேறாகிய எச்சம் இவ்வாறு நிறைக்கிறது. இது ரசிகர்க்குப் பெருமை. கொம்பனிக்குப் பெருமையன்று, மக்கள் அடைத்தாலும் கடன் வாங்கியவன் பெயரிலே கணக்கு நிற்கும்.

ஆகவே என் மாணவனுக்கு நான் சொல்லும் விடை இது. முடிக்குஞ் சொல்லைக் கேட்போன் உள்ளத்தில் வைத்துவிட்டுப் போனால் அதன் பெயர் எச்சம். சொல் வரும் என்று கூறி, விலையும் வாங்கி, வராமலும் "வராது" என்று சொல்லாமலும் விட்டால் அதன் பெயர் குறை. பாகம் பாகமாகக் கதை விற்போர், கணினியில் விற்பினும் கடதாசியில் விற்பினும், இவ்விரண்டினையும் மயங்காதிருத்தல் வேண்டும். ரசிகரும் மயங்காதிருத்தல் வேண்டும்.

இவ்விடையை அவனிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டான். பின்பு பையிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து நீட்டினான். மூன்றாம் பாகத்தின் கதையைத் தன் கருத்துப்படி எழுதி முடித்திருந்தான். சந்தியிலும் எழுத்திலும் பிழைகள் பல. அவற்றைத் திருத்திக் கொடுத்தேன். முடிவிலே கை வைக்கவில்லை.